எல்லாப் பதிலும் அருமை

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு 'அருமை சார்' என்று பட்டப்பெயர் வைத்தது பிள்ளைகள் இல்லை, ஆசிரியர்கள். பிள்ளைகள் பாவம், அவர் சொல்வதையெல்லாம் நிஜம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது அந்தச் சொல்தான். பாதி எழுதிய கட்டுரை அருமை, கோணலாக ஒட்டிய படம் அருமை. மழைக்கு நூலகத்தின் கூரை ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னால், அதைக் கவனித்துச் சொன்னவரின் பொறுப்புணர்ச்சி அருமை. கூரை மட்டும் அதுபாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பிறவியிலேயே அவருக்கு இனிப்பு நாக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது பயத்தில் வந்த பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அறிவியல் ஆசிரியர். மோசமாகப் பாடம் நடத்தினார் என்று சொல்ல முடியாது. அப்போதிருந்த தலைமையாசிரியர் ஒரு சிடுமூஞ்சி, பிள்ளைகள் முன்னாலேயே ஆசிரியர்களை வாங்கு வாங்கென்று வாங்குவார். தன் முறை வரப்போகிறது என்று தெரிந்த ஒரு நாள், நம்மவர் முந்திக்கொண்டு, காலைக் கூட்டத்தில் நீங்கள் பேசியது மனதைத் தொட்டுவிட்டது சார் என்று ஒரு போடு போட்டார். சிடுமூஞ்சி குளிர்ந்துபோய் டீ வரவழைத்துக் கொடுத்தது. மற்றவர்களுக்குத் திட்டு, இவருக்கு டீ. ஒருவரைப் புகழ்ச்சியில் குளிப்பாட்டிவிட்டால் அவரால் நமக்குக் கெடுதல் இல்லை என்று அன்று கற்ற பாடத்தை மனிதர் பிறகு மறக்கவே இல்லை. அறிவியலைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தார்.

வீட்டிலும் அதே கதை. மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பவர். கல்யாணமான புதிதில் தைத்ததை ஆசையாகப் போட்டுக் காட்டி, தோள்பட்டை தூக்கிக்கிட்டு நிக்குதா என்று கேட்பார். கணவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அருமை என்பார். அடுத்த நாள் வாடிக்கையாளர் வந்து தோள்பட்டை தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று துணியைத் திருப்பி வீசிவிட்டுப் போவார். நாலைந்து முறை இப்படிப் பட்டபின் அந்த அம்மாள் ஒரு ஆளுயரக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். அதன் பிறகு கணவரிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்பதில்லை. இதை நம்மவர் குடும்பத்தின் அமைதி என்று எடுத்துக்கொண்டார்.

தலைமையாசிரியர் ஆன மறு வருடம் 'நேர்மறைத் தலைமை' என்ற பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். குளிரூட்டிய கூடம், வட்ட மேசைகள், மேசைக்கு மேசை கலர் கலராகக் காகிதம், நடுநடுவே பிஸ்கட். மேடையில் காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு ஒருவர் அங்குமிங்கும் நடந்தார். யாரையும் குறை சொல்லாதீர்கள், முதலில் மூன்று நல்லது சொல்லுங்கள், பிறகு 'வளர்ச்சிக் குறிப்பு' என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நம்மவருக்கு, இத்தனை நாள் பயத்தில் செய்துகொண்டிருந்ததற்குப் படிப்பாளிகள் வைத்த ஒரு பெயர் கிடைத்துவிட்டது. கோழைத்தனத்துக்குச் சான்றிதழ் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும். அதோடு இன்னொரு ஆசையும் அங்கேதான் முளைத்தது. அந்த மைக்கை மாட்டிக்கொண்டு அந்த மேடையில் தானும் நடக்க வேண்டும், ஊர் ஊராக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் தலைமைப் பயிற்றுநர் ஆக வேண்டும். வீடு திரும்பிய பிறகு அவர் செய்த எல்லாம் அந்த மைக்குக்காகத்தான்.

திரும்பிய மறுநாளே ஆசிரியர் அறைச் சுவரில் அட்டைகள் ஏறின. புகார் என்ற சொல் பள்ளியில் செத்தது. இனி யார் எதைச் சொல்வதானாலும் மூன்று நல்லது சொல்லிவிட்டுத்தான் நாலாவதைச் சொல்ல வேண்டும். ஆனால் மூன்றாவது நல்லது முடிந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்ட ஆரம்பித்துவிடுவார். எல்லாரும் தட்டுவார்கள். தட்டி முடிக்கும்போது நாலாவதைச் சொல்ல வேண்டியவர் உட்கார்ந்திருப்பார். விளையாட்டு ஆசிரியர் ஒருமுறை கழிப்பறையைப் பற்றிப் பேச எழுந்தார். கதவு உறுதியாக இருக்கிறது, வெளிச்சம் நன்றாக வருகிறது, சுவர் பளிச்சென்று இருக்கிறது என்று முறைப்படி சொல்லி முடித்தார். கைதட்டு எழுந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற நாலாவது அந்தச் சத்தத்தில் போயே போய்விட்டது. பிள்ளைகள் அந்தப் பருவம் முழுக்க வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் தலையாட்டாத ஒரே ஆள் கணக்கு டீச்சர். அந்த அம்மாளுக்கு நாக்கில் முள் என்று ஊரே சொல்லும். தப்பைத் தப்பு என்பார், அதுவும் எதிரில் நின்று சொல்வார். அவர் வகுப்பில் திட்டு வாங்காத பிள்ளை கிடையாது, கணக்கு வராத பிள்ளையும் அநேகமாகக் கிடையாது. அவரைத் தலைமையாசிரியர் என்ன செய்தார்? திட்டினாரா? திட்டுவதற்கும் ஒரு தைரியம் வேண்டாமா. 'கனிவான மொழி' என்றொரு பயிற்சிக்கு எழுதிப் போட்டு அனுப்பிவைத்தார். அது முடிந்து வந்ததும் இன்னொன்றுக்கு அனுப்பினார். மூன்றாவது பயிற்சியிலிருந்து திரும்பியபோது கணக்கு டீச்சர் பேசுவதை நிறுத்தியிருந்தார். கூட்டங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேடம் எவ்வளவு மாறிட்டாங்க பாத்தீங்களா என்று தலைமையாசிரியர் பூரித்துப்போனார்.

அந்த வருடம்தான் ஒப்பந்தத்தில் ஒரு புது டீச்சர் வந்தாள். சின்னப் பெண், பாடத்தில் கெட்டி. ஒரே குறை, முழு நேரமும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். முதல் பெஞ்சைத் தாண்டி ஒரு சொல் போகாது. தன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை. மாதம் தவறாமல் தலைமையாசிரியரைக் கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, எங்கே சார் தப்பு பண்றேன் என்று கேட்டாள். அவருக்கா தெரியாது? கடைசி பெஞ்சில் அவருக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அருமை என்றார், எழுத்து அழகு என்றார், உற்சாகம் பிரமாதம் என்றார். கணக்கு டீச்சரை அழைத்து ஒரு வகுப்பு பார்க்கச் சொல்லட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம்மா, மனசு உடைஞ்சுடுவே என்று தடுத்துவிட்டார். வருடக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அறைக்குக் கூப்பிட்டு மூன்று நல்லது சொன்னார். நாலாவதாக, பெரிய உலகம் உனக்காகக் காத்திருக்கிறது என்றார். அவள் நன்றி சொல்லிச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். வேலை போய்விட்டது என்று அவளுக்கு விளங்க வைத்தது கணக்கு டீச்சர்தான். அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததைத் தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

இப்படியிருக்க, தலைமைப் பயிற்றுநர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. விண்ணப்பித்தவர்கள் தேர்வுக் குழு முன்னால் உண்மையான பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். வயது வரம்புப்படி அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இது தவறினால் மைக் இல்லை, மேடை இல்லை, ஓய்வு பெறும்வரை ஒழுகும் கூரைதான். சாக்பீஸைத் தொட்டு வருடக்கணக்கில் ஆகியிருந்தது. சுலபமாக இருக்கட்டும் என்று நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டார். ஒரு டார்ச், ஒரு பந்து, பிள்ளைகள் சொல்லும் பதில்களை ஒட்டுவதற்குக் காகித இலைகள், இலைகளை ஒட்டுவதற்குப் பலகை நிறைய ஒரு மரம் எல்லாம் தயாராயின.

ஒத்திகைக்கு ஆசிரியர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்தார். பெரிய பெரிய உடம்புகள் சின்ன பெஞ்சுகளில் மடங்கி உட்கார்ந்தன. நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டார். ஒருவர் மேகம் மறைக்கிறது என்றார். அருமை, கைதட்டு, இலை மரத்தில் ஏறியது. இன்னொருவர் பூமியின் நிழல் விழுகிறது என்றார். அதற்கும் அருமை, அதற்கும் இலை. சூரிய வெளிச்சம் படும் பாதியில் நமக்குத் தெரியும் பங்கு மாறுகிறது என்று ஒருவர் சரியாகவே சொன்னார். அதற்கும் அதே அருமைதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்போது கடைசி பெஞ்சில் கணக்கு டீச்சர் கையைத் தூக்கினார். கூட்டத்தில் வாயைத் திறந்தே எத்தனையோ நாளாகிவிட்ட அந்த அம்மாள் கை தூக்கியதும் அறையே திரும்பிப் பார்த்தது.

"நிலாவை யாரோ தினம் கொஞ்சம் கொஞ்சமா கடிச்சுத் திங்கறாங்க சார்."

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. தலைமையாசிரியர் மட்டும் முகம் மலர்ந்து, அருமையான கற்பனை என்று சொல்லி, அதையும் ஒரு இலையில் எழுதி மரத்தில் ஒட்டினார். எல்லாருக்கும் முன்னால் தானே கைதட்டினார். கணக்கு டீச்சர் அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

முடிந்ததும் ஒவ்வொருவராக மூன்று நல்லது சொன்னார்கள். குரல் கம்பீரம் என்றார்கள், மரம் அழகு என்றார்கள், டார்ச் வாங்கி வந்ததைக்கூட விட்டுவைக்கவில்லை. பாடம் முடிந்தும் எது சரியான பதில் என்று அவர் சொல்லவேயில்லை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பந்தும் டார்ச்சும் எதையும் விளக்காமல் மேசையில் சும்மா கிடந்தன என்பதும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல நாலாவது வாக்கியம் வேண்டும், நாலாவது வாக்கியத்தைத்தான் அவர் கைதட்டியே கொன்றுவிட்டாரே. கணக்கு டீச்சரும் தன் மூன்றைச் சொன்னார். சட்டை நன்றாக இருக்கிறது, கையெழுத்து பெரிதாக இருக்கிறது, மணியடிப்பதற்குள் முடித்துவிட்டீர்கள். முள் நாக்கே பாராட்டிவிட்டது என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று வீட்டில் அவர் இதைச் சொன்னபோது மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் ஏதாச்சும் குறை சொன்னாங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல."

"அப்ப எனக்கு பயமா இருக்குங்க," என்றார் அந்த அம்மாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

தேர்வு நாளன்று வேறொரு பள்ளியின் வகுப்பறை. தேர்வுக் குழு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தது. தலைவராக ஒரு பெரியவர், அவர் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாள். பாடம் ஒத்திகையில் நடந்தபடியே நடந்தது. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள், மரம் இலையாய் நிறைந்தது, கைதட்டு வராண்டாவரை கேட்டது. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அதை மறைப்பானேன். முடிந்ததும் அந்த அதிகாரி அம்மாள் எழுந்து வந்து, முன் பெஞ்சில் இருந்த ஒரு சிறுமியிடம் நிலா ஏம்மா தேயுது என்று கேட்டார். சிறுமி மரத்தைப் பார்த்தாள். மேகம் மறைக்கிறது என்றாள், பூமியின் நிழல் என்றாள், நிலாவுக்கு வயசாகிறது என்றாள். இதில் எது சரி என்று கேட்டதற்கு, "எல்லாமே சரி மிஸ், சார் எல்லாத்துக்கும் அருமைன்னாரு," என்றாள்.

அதோடு விட்டிருந்தாலாவது தேவலை. இரண்டாம் பெஞ்சில் ஒரு பையன் முதலிலேயே சரியான பதிலைச் சொல்லியிருந்தான். வெளிச்சம் படும் பக்கம், நாம் பார்க்கும் கோணம் எல்லாம் திக்கித் திணறியாவது சரியாகச் சொன்னவன். அவனிடம் கேட்டபோது மேகம்தான் காரணம் என்றான். நீதானேப்பா முன்னாடி வேற சொன்னே என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டார்.

"ஆமா மிஸ். ஆனா எனக்குக் கைதட்டு கம்மியா வந்துச்சு. மேகத்துக்குத்தான் நிறைய தட்டினாங்க."

தலைமையாசிரியர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு அந்தச் சொல் வரவில்லை.

பிறகு குழுத் தலைவர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் பயப்படவில்லை என்றார். தலைமையாசிரியருக்கு உயிர் வந்தது. அந்த மரம் கண்ணைப் பறித்தது என்றார். தலைமையாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார். உங்கள் புன்சிரிப்பு மறக்க முடியாதது என்று மூன்றாவதையும் சொல்லிவிட்டுப் பெரியவர் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினார். அந்த இடைவெளியில்தான் தலைமையாசிரியருக்கு உறைத்தது. இந்த ராகம் அவருக்குத் தெரியாதா, எத்தனை பேருக்குப் பாடியிருக்கிறார். இதே மாதிரி எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த புது டீச்சரின் முகம் சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது. பெரியவர் நாலாவதைச் சொன்னார். உங்கள் பள்ளிக்கு உங்களைப் போன்றவர் கட்டாயம் தேவை, அங்கிருந்து உங்களைப் பிரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

என்ன தப்பு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் சார் என்று கெஞ்சினார். தப்பு என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை என்று பெரியவர் கனிவாகச் சொல்லிக் கை குலுக்கி வழியனுப்பினார்.

மறுநாள் பள்ளியில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள், ஆறுதலும் மும்மூன்றாகத்தான் வந்தது. தலைமையாசிரியர் கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு கணக்கு டீச்சரின் வகுப்புக்குப் போனார். அந்த அம்மாள் டஸ்டரால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்களும் ஒத்திகையில இருந்தீங்க. எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏன் என்கிட்ட சொல்லலை?"

கணக்கு டீச்சர் திரும்பினார்.

"சொன்னேனே சார். நிலாவைக் கடிச்சுத் திங்கறாங்கன்னு சொன்னேன். அதுக்கு மேல எப்படி சார் சொல்றது?"

தலைமையாசிரியர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இப்போதாவது சொல்லுங்கள், நல்லது ஒன்றும் வேண்டாம், நேரே நாலாவதைச் சொல்லுங்கள் என்றார். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. கணக்கு டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார். சொல்லத் தொடங்கினார். நீங்கள் பாராட்டுவது மனிதர்கள் மேல் உள்ள அன்பால் இல்லை, அவர்கள் மேல் உள்ள பயத்தால் என்றார். சரியான பதில் சொன்ன பிள்ளையும் தப்பாகச் சொன்ன பிள்ளையும் உங்களுக்கு ஒன்றுதான், ஏனென்றால் இருவரில் ஒருவரையும் நீங்கள் பார்க்கவே இல்லை என்றார். கழிப்பறையில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்றார். கடைசியாகப் புது டீச்சரைப் பற்றிச் சொன்னார்.

"பலகையைப் பாக்காம பிள்ளைங்களைப் பாத்துப் பேசும்மான்னு ஒரு வார்த்தை சார். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலை. அந்தப் பொண்ணு இன்னிக்கு ஒரு ஜவுளிக்கடையில துணி மடிச்சுக்கிட்டு இருக்கா."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். தலைமையாசிரியர் இதையெல்லாம் கேட்டுத் துடித்துப்போய்த்தான் இருந்தார். கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண் எந்தக் கடையில் இருக்கிறாள் என்று கேட்கத்தான் நினைத்தார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவும் நினைத்தார். எதை முதலில் சொல்வது என்று தடுமாறிய நேரத்தில், இத்தனை வருடம் ஓடித் தேய்ந்த தடத்தில் நாக்கு தானாக ஓடிவிட்டது.

"அருமையா சொன்னீங்க டீச்சர்," என்றார்.

கணக்கு டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டஸ்டரை எடுத்துக்கொண்டு திரும்பி, பலகையில் மிச்சமிருந்ததைத் துடைத்தார்.